கறுப்பு, வரி, பேரிக்காய் வடிவம்: அபூர்வத் தக்காளி விதைகள் நம் வெயிலுக்குத் தாங்குமா?

இணையத்தில் 'ஹெயர்லூம்' (தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துக் காத்துவந்த பாரம்பரிய ரகம்), 'அபூர்வ ரகம்' என்ற பெயர்களில் விற்கும் தக்காளி விதைப் பொட்டலங்களைப் பற்றிய மதிப்புரை இது. ஒரு பொட்டலத்தில் பத்து, இருபது விதை இருக்கும். கறுப்புத் தக்காளி, பச்சை வரி போட்ட தக்காளி, பேரிக்காய் வடிவத்தில் மஞ்சள் தக்காளி என்று படங்கள் ஆளை இழுக்கும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வேனிலில் இந்த ஆசை வருவது இயல்புதான். கத்தரி, வெண்டை, புடலை எல்லாம் காய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மாற்றம் வேண்டும் என்று தோன்றும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விதை அசலாக இருந்தால் பெரும்பாலான ரகங்கள் காசுக்குத் தகுந்தவை. ஆனால் ஒவ்வொரு பழமும் கால் கிலோ, அரைக் கிலோ வரும் பெரிய ரகம் எதையும் தமிழ்நாட்டுச் சமவெளியில் பிப்ரவரி, மார்ச்சில் விதைக்காதீர்கள். செடி செழிப்பாக வளரும், பூ கொத்துக் கொத்தாக வரும், அத்தனையும் கொட்டும். விதைக்காரரைத் திட்டிப் பயனில்லை, தவறு நாள்காட்டியில் இருக்கிறது. ஓசூர், கொடைக்கானல், ஊட்டிக்காரர்கள் இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் படிக்கலாம்.

பொட்டலத்தின் மேல் 'கோடைக்கு ஏற்றது' என்று அச்சடித்திருப்பார்கள். எந்த ஊர்க் கோடை என்று யாரும் எழுதுவதில்லை. அமெரிக்காவின் டென்னசியிலும் இத்தாலியின் காம்பானியாவிலும் தக்காளி கோடைப் பயிர்தான், ஆனால் அங்கே இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். சென்னையில் மார்ச்சிலேயே இரவு 23, 24. மே மாதம் 28ஐத் தொடும், பகல் 37, 38. பகல் 32க்கு மேலும் இரவு 22, 24க்கு மேலும் தொடர்ந்து நின்றால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். இந்தப் பாதிப்பு பூ விரிந்த பிறகு வருவதல்ல, விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு மொட்டாக இருக்கும்போதே நடந்து முடிந்துவிடும். அதனால்தான் விரிந்த பூவில் மோரைத் தெளித்தாலும் பெருங்காயத்தைத் தெளித்தாலும் பூ நிற்பதில்லை. பூக்காம்பின் நடுவில் சின்னக் கணு ஒன்று இருக்கும், பாருங்கள். அது மஞ்சளானால் அடுத்த நாளோ மறுநாளோ அந்த இடத்தில் முறிந்து பூ விழும். கணு பச்சையாக இருந்து, காம்பு தடித்துக் கீழே வளைந்தால் பிஞ்சு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஆக, கணக்கு இப்படிப் போகும். விதைத்து 25 நாளில் நாற்று. நட்டு 30, 35 நாளில் முதல் பூ. பிஞ்சு பிடித்ததிலிருந்து சின்ன ரகம் 35 நாளிலும் பெரிய ரகம் 50 நாளிலும் பழுக்கும். வேனில் அறுவடை வேண்டுமென்றால் டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி முதல் வாரத்தில் விதைத்திருக்க வேண்டும். பூ பிப்ரவரி கடைசியில் வரும், இரவு சூடேறுவதற்குள் முதல் இரண்டு மூன்று கொத்து பிடித்துவிடும். பெரிய ரகங்களுக்கு அக்டோபர் கடைசி விதைப்புதான். வடகிழக்குப் பருவமழையில் நாற்று அழுகாமல் கூரைக்கடியில் காப்பாற்றி, நவம்பர் கடைசியில் நட்டால் டிசம்பர், ஜனவரிக் குளிரில் பிஞ்சு பிடிக்கும்.

இனி ரகம் ரகமாக.

சன்கோல்ட். ஜப்பானின் டொகிடா நிறுவனம் 1992இல் கொண்டுவந்த ஆரஞ்சு நிறச் செர்ரித் தக்காளி. பச்சையாகச் சாப்பிட இதற்கு ஈடு இல்லை. இனிப்போடு புளிப்பும் சரியாக இருக்கும். இது எஃப்1 வீரிய ஒட்டு ரகம் என்பதை மறக்க வேண்டாம். ஒரு பழத்திலிருந்து எடுத்த விதை அப்படியே அதே பழத்தைத் தராது. சில்லறை விற்பனையில் இந்தப் பெயரில் வருவது பல நேரம் யாரோ வீட்டில் எடுத்த விதை. அதில் வளரும் செடிகளில் ஒன்று ஆரஞ்சு, ஒன்று சிவப்பு, ஒன்று சப்பென்று இருக்கும். 'எஃப்1' என்று எழுதாத சன்கோல்டை வாங்காதீர்கள். இன்னொரு குறை, தோல் மெல்லியது. காலையில் பறித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டுப் பறிக்கப் போனால் பாதி வெடித்திருக்கும்.

யெல்லோ பேர் பழைய ரகம், பேரிக்காய் வடிவம். வெயிலைத் தாங்குவதில் நல்ல மதிப்பெண். ஏழெட்டு அடி ஏறும், அடித்துப் போட்டாலும் காய்க்கும். சுவை சுமார்தான், நீர்த்துப்போன இனிப்பு. குழந்தைகள் பறித்துத் தின்னவும் சாலட்டில் நிறம் காட்டவும் சரி. ரசத்துக்கு ஆகாது.

கரன்ட் தக்காளி என்று விற்பது பெரு, ஈக்வடார் பக்கத்துக் காட்டுத் தக்காளி. மணத்தக்காளிப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, நீளக் கொத்தில் தொங்கும். ஏப்ரலில் மற்றவை கைவிட்ட பிறகும் இது பிஞ்சு பிடிக்கும். பறிக்கத்தான் பொறுமை வேண்டும், ஒரு கைப்பிடி சேர்க்கவே கால் மணி நேரம் ஆகிவிடும். கையால் நசுக்கி ரசத்தில் போட்டால் புளியைக் குறைத்துக்கொள்ளலாம். வேனிலுக்கு ஒரே ஒரு அபூர்வ ரகம்தான் வைக்க இடமிருக்கிறது என்றால் எங்கள் வாக்கு இதற்கே.

கிரீன் ஸீப்ராவை அமெரிக்காவின் டாம் வாக்னர் உருவாக்கி 1983இல் வெளியிட்டார். 'பாரம்பரிய ரகம்' என்று போட்டு விற்கிறார்கள், அது சரியல்ல. ஆனால் விதை எடுத்து அடுத்த ஆண்டும் போடலாம், அது உண்மை. பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும் என்பதால் எப்போது பறிப்பது என்று பலருக்கும் குழப்பம். கரும்பச்சை வரிகளுக்கு இடையே இருக்கும் வெளிர்பச்சை, தேன் கலந்த மஞ்சளாக மாறும். அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும். அதற்கு முன் பறித்தால் வெறும் காய். புளிப்பு நன்றாக இருப்பதால் நம் சமையலுக்கு இந்தப் பட்டியலில் இதுதான் முதலிடம். சட்னி, பச்சடி, பருப்புக் கடைசல் எதிலும் சேரும், நிறம் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். ஜனவரி விதைப்புக்குத் தாங்கும், மார்ச்சுக்குத் தாங்காது.

செரோக்கி பர்பிள், பிளாக் கிரிம், பிராண்டிவைன் மூன்றும்தான் எல்லோரும் ஆசைப்படுகிறவை. மூன்றுமே பெரிய ரகங்கள், அக்டோபர்க்காரர்கள். ருசியில் குறை சொல்ல முடியாது: சதைப்பற்று, குறைந்த புளிப்பு, ஒரு துண்டு வெட்டி உப்பு தூவினால் போதும். குழம்பில் போட்டு வீணாக்க வேண்டாம். செடிக்கு நான்கைந்து பழம் கிடைத்தாலே மாடியில் வெற்றி என்று நினைப்பவர்களுக்கான ரகங்கள் இவை.

இவற்றில் அசல் எது, போலி எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இளஞ்சிவப்புப் பிராண்டிவைனின் இலை சாதாரணத் தக்காளி இலைபோல் பல்பல்லாக இருக்காது, உருளைக்கிழங்குச் செடியின் இலைபோல் விளிம்பு வழவழவென்று இருக்கும். நாற்றில் மூன்றாவது, நான்காவது உண்மை இலை வரும்போதே தெரிந்துவிடும். பல் வெட்டு இருந்தால் அந்த நாற்று நீங்கள் கேட்ட பிராண்டிவைன் அல்ல, கலப்பு. செரோக்கி பர்பிள், பிளாக் கிரிம் போன்ற கறுப்பு ரகங்களில் பழத்தை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்துப் பாருங்கள். செரோக்கி பர்பிளின் தோல் கண்ணாடிபோல் நிறமற்று இருக்கும். பழுத்தும் பச்சையம் போகாமல் சதையில் தங்குவதால்தான் இவற்றுக்கு அந்தக் கறுப்பு. தோல் நிறமற்றிருந்தால் ஊதாவாகத் தெரியும், மஞ்சளாக இருந்தால் பழுப்பாகத் தெரியும். செரோக்கி பர்பிள் என்று வாங்கிய பொட்டலத்திலிருந்து மஞ்சள் தோல் பழம் வந்தால் விற்றவரிடம் இதைக் காட்டிக் கேட்கலாம்.

சான் மார்சானோ இத்தாலியத் தொக்குத் தக்காளி. நீளமாக, விதை குறைவாக, சதை கெட்டியாக இருக்கும். ஊறுகாய், தொக்குப் போடுகிறவர்களுக்குப் பிடிக்கும், அடுப்பில் நேரம் மிச்சம். ஆனால் நுனி அழுகலுக்கு இதைவிட ஆகாத ரகம் கிடையாது. காயின் அடிப்பகுதி பழுப்பாகி, தோல்போல் உலர்ந்து குழிவிழும். 'கால்சியம் இல்லை' என்று முட்டை ஓட்டை அள்ளிப் போடுவார்கள். முட்டை ஓடு கரைந்து செடிக்குச் சேரச் சீசனே முடிந்துவிடும். மண்ணில் கால்சியம் இருந்தும் தண்ணீர் ஒரு நாள் காய்ந்து மறுநாள் நிரம்பினால் காயின் நுனிவரை அது போய்ச் சேராது. மருந்து, சீரான ஈரம்தான்.

இண்டிகோ ரோஸ் 2012இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. காட்டுத் தக்காளி இனங்களோடு ஒட்டுச் சேர்த்து எடுத்த ரகம், மரபணு மாற்றம் அல்ல. வெயில் படும் இடம் மட்டும் கருநீல ஊதாவாகும். காம்பின் பச்சை இதழ் மூடியிருந்த இடம் நட்சத்திரம்போல் வெளிறி நிற்கும். அழகு அவ்வளவு, ருசி சுமார். நிழல்வலைக்குள் வைத்தால் அந்த நிறமும் ஏறாது என்பது நம் ஊருக்குப் பெரிய சிக்கல். சின்னக் காயாக இருக்கும்போதே கறுத்துவிடுவதால் பழுத்துவிட்டது என்று பறித்துவிடாதீர்கள். மினுமினுப்பு மங்கி, அடிப்பக்கம் பச்சையிலிருந்து சிவப்பானதும் பறிக்கலாம்.

இதே வரிசையில் 'நீலத் தக்காளி' என்று வான நீலத்தில் படம் போட்டு விற்கிறார்கள். அப்படி ஒரு தக்காளியே கிடையாது, படத்தில் நிறம் மாற்றியது. உள்ளே சதையும் ஊதாவாக இருக்கும் தக்காளி உண்டு. அது ஆய்வகத்தில் மரபணு மாற்றியது, அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்கு 2024இல்தான் விற்பனைக்கு வந்தது. அதை அரசு அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் வரவழைப்பது சட்டப்படி குற்றம். பொதுவாகவே வெளிநாட்டிலிருந்து விதையைத் தபாலில் வரவழைக்க இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றும் வேண்டும். உறவினர் அனுப்பும் உறைக்கும் இந்த விதி பொருந்தும்.

வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குவியல் எண் (லாட் நம்பர்), முளைப்புத்திறன் சதவீதம், பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி இவை இருக்கிறதா? சான்று பெற்ற தக்காளி விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம். பொழுதுபோக்காக விதை எடுத்து விற்பவர்களிடம் இந்த லேபிள் இருக்காது. அவர்களில் நேர்மையானவர்கள் உண்டு, நல்ல ரகங்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. அப்படி வாங்கினால் எந்த மாதம் எடுத்த விதை, பக்கத்தில் வேறு தக்காளி இருந்ததா, பழத்தை வெட்டிய படம் உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள். முழுப் பழத்தின் படத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம், வெட்டிய படத்தைத் தன் தோட்டத்தில் வளர்த்தவர்தான் அனுப்புவார். 'பத்து ரகக் கலவை' பொட்டலங்களைத் தவிர்த்துவிடுங்கள். ரகம் தெரியாமல் எந்தப் பையில் எதை நடுவது, எப்போது பறிப்பது?

விதைப்பு எளிது. பத்து விதை இருந்தால் ஐந்தை மட்டும் போட்டு, மீதியை வைத்துக்கொள்ளுங்கள். குழித்தட்டில் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கோகோபீட்டை இரண்டு முறையாவது நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். உப்புப் போகாத கோகோபீட்டில் முளைத்ததும் இலை நுனி கருகும். விதை அரை சென்டிமீட்டர் ஆழம். 25 முதல் 30 டிகிரியில் ஐந்திலிருந்து எட்டு நாளில் முளைக்கும், 35க்கு மேல் போனால் முளைப்பு விழும். வேனிலில் மாடியில் தட்டை வைக்காமல் வீட்டு வராந்தாவில் முளைக்க வையுங்கள். முளைத்த அன்றே காலை வெயிலுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் தண்டு நூலாக நீண்டுவிடும்.

நாற்று இருக்கும் அந்த 25 நாளும் கொசுவலையைவிட நெருக்கமான, 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) நைலான் வலைக்குள் இருக்கட்டும். இந்த ஒரு செலவைத் தவிர்த்தால் மற்ற எல்லாச் செலவும் வீண். காரணம், இலைச்சுருள் வைரஸ். வெள்ளை ஈ பரப்பும் இந்த நோய்க்கு மேலே சொன்ன வெளிநாட்டு ரகங்களில் எதிர்ப்புச் சக்தி கிடையாது. நாற்றிலேயே தொற்றினால் செடி குட்டையாகி, இலை ஓரம் மஞ்சளாகிக் கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, காயே வராது. காய்க்கத் தொடங்கிய பிறகு வந்தால் இருக்கும் காயாவது மிஞ்சும். அதற்காக எல்லாச் சுருளும் வைரஸ் என்று பிடுங்கிப் போடவும் வேண்டாம். கீழ் இலைகள் பச்சை மாறாமல் மதியம் சுருண்டால் அது வெயிலுக்குச் செடி காட்டும் எதிர்வினை. கொழுந்து சுருண்டு, மஞ்சளாகி, சிறுத்தால்தான் பிடுங்க வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறி செடி உயரத்துக்குத் தொங்கட்டும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் 1 மில்லி, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி. பகல் வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

பை: செர்ரி ரகத்துக்கு 12க்கு 12 அங்குலம் போதும், பெரிய ரகத்துக்கு 15க்கு 15க்குக் குறையக் கூடாது. கறுப்புப் பை வேண்டாம். வெள்ளைப் பை, இல்லையென்றால் பையைச் சுற்றிச் சாக்கு. தளத்தில் நேராக வைக்காமல் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். ஏப்ரல் மதியம் மாடித் தளத்தில் கால் வைக்க முடியாத சூடு வேருக்கும் சூடுதான். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் சம பங்கு, பைக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. மேலே மூன்று விரல் கனத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு. வளர்ந்த செடி ஏப்ரலில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் குடிக்கும். காலை ஏழு மணிக்குள் பாதி, மாலை ஐந்துக்கு மேல் பாதி.

வெயிலில் 35 சதவீதத்தைத் தடுக்கும் நிழல்வலைதான் தக்காளிக்குப் பொருத்தம். கடையில் கேட்டால் 50 சதவீதப் பச்சை வலையைக் கொடுப்பார்கள். அதுதான் கிடைத்தது என்றால் 11 மணியிலிருந்து 4 மணிவரை மட்டும் இழுத்து மூடும்படி கட்டுங்கள். ஏழடி உயரத்தில், பக்கவாட்டில் திறந்து. காற்று அடைபட்டால் செம்பேன் வரும். இலையின் அடியில் பொடி தூவியதுபோல் புள்ளி, அப்புறம் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதே முதல் வைத்தியம்.

பூ வந்ததும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலை நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து அதிகமானால் செடி இலையாகவே வளரும். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 2 கிராம், பத்து நாளைக்கு ஒருமுறை வேரில். கால்சியம் நைட்ரேட்டும் கொடுப்பதாக இருந்தால் வேறொரு நாளில், வேறு வாளியில். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும், படிந்த சத்து செடிக்குப் போகாது. காலை ஏழிலிருந்து பத்துக்குள் கொடி கட்டிய கயிற்றை விரலால் சுண்டுங்கள், மகரந்தம் உதிர அது போதும். பக்கக் கிளைகளைக் கிள்ளலாம். ஆனால் குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கீழ் இலைகளை மொட்டையடிக்காதீர்கள். இலை மறைப்பு இல்லாத காயில் வெயில் பட்டு வெள்ளைத் தழும்பு விழும்.

பழம் படத்தில் உள்ள சிவப்புக்கு வரவில்லை என்ற குறை விமர்சனங்களில் அடிக்கடி வருகிறது. 30 டிகிரிக்கு மேல் தக்காளியில் சிவப்பு நிறமி உருவாவது குறையும், ஆரஞ்சு நிறமி உருவாவது தொடரும். அதனால் மே மாதச் சிவப்பு ரகம் செங்கல் நிறத்தில் நிற்கும். அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதும் பறித்து, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வைத்துப் பழுக்க விடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வேண்டாம். சன்கோல்டுக்கும் யெல்லோ பேருக்கும் இந்தக் கவலையே இல்லை.

செடி பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் துவண்டு, தண்ணீர் ஊற்றியும் எழவில்லையா? அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டிலிருந்து பால்போல் நூலாக இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தப் பையின் மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் திரும்ப நடக் கூடாது, மணத்தக்காளி அல்லாத கீரை போடலாம்.

வீட்டுக்குத் தக்காளியும் வேண்டும், ஆசையும் தீர வேண்டும் என்பவர்கள் எல்லாப் பையிலும் அபூர்வ ரகம் வைக்க வேண்டாம். ஆறு பை இருந்தால் நான்கில் நம்பகமானது. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் எஃப்1. விதையை நிறுவனமே இணையத்தில் விற்கிறது. ரசத்துக்குப் புளிப்பு வேண்டுமென்றால் பெரியகுளத்தில் உருவான பிகேஎம்1. தோள் பச்சையாக, தட்டையாக, சந்தையில் நாட்டுத் தக்காளி என்று கேட்டு வாங்கும் அதே சாயல். மீதி இரண்டு பையில் வேனிலுக்குக் கரன்ட் தக்காளியும் சன்கோல்டும்.

செரோக்கி பர்பிளையும் பிராண்டிவைனையும் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இப்போது பிரிக்காதீர்கள். பொட்டலத்தைக் காற்றுப் புகாத சின்ன டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். சமையலறை அலமாரியில் வைத்தால் கடலோர ஈரப்பதத்தில் அடுத்த பருவத்துக்குள் முளைப்பு குறைந்துவிடும். அக்டோபரில் எடுக்கும்போது டப்பாவை உடனே திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டு, அப்புறம் திறக்கவும். இல்லையென்றால் விதைமேல் நீர் கோத்துக்கொள்ளும்.